லீசுக்கு எந்த வண்டி? அப்பாவின் நோட்டைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்

சில மாதம் முன்னால், ஒரு மாதம் முழுக்க என் மேசைமேல் மூன்று கொட்டேஷன்கள் கிடந்தன. டிரெய்லர் இழுக்கிற வண்டி மூன்று லீசுக்கு எடுக்க வேண்டும், ஒப்பந்தம் நான்கு வருடம், எந்த மாடல் என்று முடிவு செய்ய வேண்டியது நான். மணலியில் அப்பா ஆரம்பித்த சின்ன டிரான்ஸ்போர்ட் எங்களுடையது, பதினொரு வருடமாகக் கணக்கு வழக்கு நான்தான் பார்க்கிறேன். எட்டு வண்டிகள். அதில் மூன்றுக்குப் பன்னிரண்டு வயது தாண்டிவிட்டது. எட்டு வருடம் முடிந்த வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் பெயின்ட், பிரேக், லைட் என்று ஒரு வாரம் பட்டறையிலேயே போய்விடும். போதாததற்கு, ஒரகடத்தில் எங்களுக்கு லோடு தருகிற கம்பெனி, பழைய வண்டியைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டது. மூன்றையும் ஒரே நேரத்தில் வாங்க முன்பணம் புரட்டுவது எங்களுக்கு ஆகாத காரியம். அதனால்தான் லீஸ்.

இதே நிலைமையில் ஐந்து வண்டி, பத்து வண்டி வைத்திருக்கிற பலர் இருக்கிறார்கள் என்று தெரியும், அதனால் நான் பார்த்ததை எல்லாம் விரிவாகவே எழுதுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது "மெயின்டனன்ஸ் கிலோமீட்டருக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். மூன்று கம்பெனிக்காரர்களும் அழகாக ஒரு எண் சொன்னார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நான்கு வருடமும் வருத்தப்பட்டிருப்போம்.

முதலில் எடை விஷயத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் மெயின்டனன்ஸ் அங்கேயே ஆரம்பிக்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பைக் கூட்டியபோது டிரெய்லர் வண்டிக்கான மொத்த எடையின் உச்சவரம்பு 49 டன்னிலிருந்து 55 டன் ஆனது. அதற்கப்புறம் எல்லோருக்கும் 55 டன் மோகம் வந்துவிட்டது. டாடா சிக்னா 5530, பாரத்பென்ஸ் 5528, அசோக் லேலண்ட் 5525 என்று பெயரில் வருகிற முதல் இரண்டு இலக்கம் அந்த 55 டன்தான், அடுத்த இரண்டு இலக்கம் குதிரைத்திறன், அதாவது ஏறக்குறைய 300, 280, 250. சரி, நமக்கு 55 டன் வேண்டுமா? எங்கள் வேலை கண்டெய்னர் மட்டும். 20 அடியோ 40 அடியோ, ஒரு கண்டெய்னர் சரக்கோடு சேர்த்து பெரும்பாலும் 30.48 டன்னுக்குள்தான். 4×2, அதாவது பின்னால் ஒரே ஆக்சில் உள்ள வண்டியும் மூன்று ஆக்சில் டிரெய்லரும் வெறுமனே 13, 14 டன் வரும். கூட்டிப் பாருங்கள், 45 டன்னுக்குள் அடங்கிவிடுகிறது. முன்னால் 7, பின்னால் 11.5, டிரெய்லரின் மூன்று ஆக்சிலுக்கு 27 என்று சட்டப்படி அந்த வண்டிக்கு 45.5 டன் வரை போகலாம். மெஷினரி, ஸ்டீல் காயில் ஏற்றுகிறவர்களுக்கு 55 டன் வேண்டும்தான். எங்களுக்கு அது தேவையில்லாத சுமை.

55 டன் வகுப்பில் 4×2 வண்டியும் கிடைக்கிறது. ஆனால் எங்களுக்குக் காட்டப்பட்டவை 6×4, பின்னால் இரண்டு ஆக்சிலும் இழுக்கிறவை. அதில் இரண்டு கிரவுன் பினியன், இடையில் கூடுதலாக ஒரு ஜாயின்ட் ஷாஃப்ட், ஆயில் மாற்ற இரண்டு ஹவுசிங், பத்து டயர். 4×2-வில் ஆறு டயர். மூன்று ஆக்சில் டிரெய்லரின் பன்னிரண்டையும் சேர்த்தால் ஒன்று 22, இன்னொன்று 18. நான்கு டயர் வித்தியாசம் என்பது டீசலுக்கு அடுத்தபடியான பெரிய செலவில் வருகிற வித்தியாசம். அதனால் 55 டன் கொட்டேஷன்களை முதல் வாரத்திலேயே திருப்பிக் கொடுத்து, அதே மூன்று பேரிடமும் 4×2-வுக்குப் புதிதாக விலை கேட்டு வாங்கினேன்.

அடுத்ததுதான் முக்கியமானது. எங்கள் வண்டிகள் கிலோமீட்டர் ஓடுவதில்லை, மணிக்கணக்கு ஓடுகின்றன. சென்னைத் துறைமுகத்திலிருந்து மணலி, மாதவரம் பக்கத்துச் சரக்குக் கிடங்குகளுக்கு ஒரு நடை, அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூரோ ஒரகடமோ ஒரு நடை, இடையில் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிற டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள், இன்ஜினை அணைக்கவும் முடியாது, நகரவும் முடியாது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வண்டி நீளம் முன்னால் போக வேண்டும். எங்களுடைய ஒரு வண்டியின் ஜி.பி.எஸ். அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒரு மாதத்தில் ஓடிய தூரம் 2,860 கிலோமீட்டர், இன்ஜின் ஓடிய நேரம் 288 மணி. மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட வரவில்லை. பெங்களூர், ஓசூர் என்று லைன் ஓடுகிற வண்டி அதே மணி நேரத்தில் மூன்று நான்கு மடங்கு தூரம் போய்விடும். ஆயில், டர்போ, பெல்ட், இன்ஜெக்டர் இவற்றுக்கெல்லாம் தூரம் தெரியாது, ஓடிய நேரம்தான் தெரியும். கம்பெனிக்காரர் சொன்ன கிலோமீட்டர் கணக்கு லைன் வண்டிக்கானது. நம் வண்டி வேறு ஜாதி.

பி.எஸ். 6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு இது இன்னும் கூர்மையாகிவிட்டது. 2020 ஏப்ரலிலிருந்து வருகிற வண்டிகளில் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது, டி.பி.எஃப். என்பார்கள். புகையில் வருகிற கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். புகை நல்ல சூட்டில் வெளியேறினால் அந்தக் கரி தானாகவே எரிந்துபோகும். லைன் வண்டியில் டிரைவருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. வரிசையில் நிற்கிற வண்டியில் புகை சூடாவதே இல்லை, கரி சேர்ந்துகொண்டே போகும். அப்போது மஞ்சள் விளக்கு எரியும். வண்டியை ஓரமாக நிறுத்தி, பொத்தானை அழுத்தி, அரை மணி, முக்கால் மணி நேரம் இன்ஜினை வேகமாக ஓடவிட்டு எரித்துவிட வேண்டும்.

2021-ல் நாங்கள் சொந்தமாக வாங்கிய ஒரு வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஓட்டுவது நாமக்கல் பக்கத்து அண்ணன் ஒருவர், அப்பா காலத்திலிருந்து எங்களோடு இருப்பவர், நான் பாவாடை சட்டை போட்ட வயதிலிருந்து என்னைத் தெரியும். ஒரு வியாழக்கிழமை ராத்திரி போன் செய்தார். "கண்ணு, மஞ்ச லைட்டு மறுபடியும் எரியுதுங்க. வரிசை நகருது, இப்ப நிறுத்தினா பின்னாடி இருக்கிறவன் சண்டைக்கு வருவான். உள்ள போய் இறக்கிட்டுப் பார்த்துக்கறேன்." நானும் சரி என்றேன். இறக்கியதும் அடுத்த லோடு, அதற்கு அடுத்த லோடு. அந்த மாதிரி எரிக்கும்போது புகைக்குழாய் கொதிக்கும் என்பதால் காய்ந்த புல்லோ பிளாஸ்டிக் குப்பையோ இல்லாத இடமாகத் தேட வேண்டும், எங்கள் பக்கத்தில் அப்படி ஓர் இடம் கிடைப்பதும் சுலபமில்லை. சனிக்கிழமை மதியம் மீஞ்சூர் பக்கத்தில் வண்டியின் இழுவை தானாகக் குறைந்து, காலால் எவ்வளவு மிதித்தாலும் இருபதைத் தாண்டவில்லை. ஞாயிறு சர்வீஸ் சென்டர் விடுமுறை. திங்கள் கொண்டுபோய்ச் சேர்த்தோம். லேப்டாப் வைத்துப் பார்க்கிற பையன் வந்தது செவ்வாய். புதன் சாயங்காலம் வண்டி வெளியே வந்தது. பில் தொகை பெரிதாக இல்லை. ஆனால் வண்டி நான்கு நாள் ஓடவில்லை, கண்டெய்னர் டிரெய்லரிலேயே கிடந்ததால் ஷிப்பிங் லைனுக்குத் தாமதக் கட்டணமான டிடென்ஷன் வேறு, அதை லோடு கொடுத்த பார்ட்டி எங்கள் வாடகையில் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அந்த விளக்கை எத்தனை நாள் தள்ளிப்போடலாம், எங்கே போய் எரிக்கலாம் என்று சொல்லித்தராமல் வண்டியைக் கொடுத்தது எங்கள் தப்பு. அதற்கப்புறம் ஓர் ஏற்பாடு செய்தோம், இன்றுவரை அது வேலை செய்கிறது. பி.எஸ். 6 வண்டி ஒவ்வொன்றுக்கும் வாரத்தில் ஒரு நடையாவது வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வழியாகப் போகிற லோடு கொடுத்துவிடுகிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்திலிருந்து ஒரகடம் போகிற லோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அந்த வாரம் விளக்கு எரிந்த வண்டிக்குத்தான். 62 கிலோமீட்டர் சாலையில் சீரான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பைசா செலவில்லை.

அதனால் மூன்று கம்பெனியிடமும் நான் தனியாகக் கேட்டது இதைத்தான்: உங்கள் வண்டியில் விளக்கு எரிந்தபின் இழுவை குறைய எவ்வளவு நேரம் தருகிறீர்கள், டிரைவர் தானே எரிக்க முடியுமா, இல்லை உங்கள் ஆள் வந்துதான் எரிக்க வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை யார் வருவார்கள். ஒருவர் தெளிவாகப் பதில் சொன்னார். இன்னொருவர் சர்வீஸ் மேனேஜருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார், அதுவும் நல்ல பதில்தான். மூன்றாமவர் "அதெல்லாம் பிரச்சினையே வராதும்மா" என்றார். பிரச்சினை வராது என்று சொல்கிறவரிடம் நான்கு வருட ஒப்பந்தம் போட எனக்கு மனம் வரவில்லை, ஆனாலும் கணக்கில் அவரையும் வைத்துக்கொண்டேன்.

பி.எஸ். 6 வண்டியில் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியா விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரைவர்கள் யூரியா என்பார்கள், பங்கில் ஆட் ப்ளூ என்பார்கள். 32.5 சதவீத யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். இதற்கு ஆயுள் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 25 டிகிரிக்குள் வைத்தால் பதினெட்டு மாதம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். மணலியில் தகர ஷெட்டுக்குள் மே மாத வெயிலில் ஒரு பேரல் எவ்வளவு சூடாகும் என்று கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். நாங்கள் மொத்தமாகப் பேரல் வாங்குவதை நிறுத்திவிட்டோம், பத்து நாளைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஆபீஸ் அறையின் பின்பக்கம் நிழலில் வைக்கிறோம். விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் கெட்டுப்போன யூரியாவால் நாஸில் முழுக்க வெள்ளை உப்பாகப் படிந்து, சென்சார் போனால், அந்தச் செலவுக்கு லீஸ் கம்பெனி பொறுப்பேற்காது. மூன்று ஒப்பந்தத்திலும் "தரமற்ற எரிபொருள், தரமற்ற யூரியா" என்ற வரி விலக்குப் பட்டியலில் இருந்தது. இன்ஜின் ஆயிலும் அப்படியே. சி.கே. 4 தரம் என்று எழுதியிருந்தால் அதைத்தான் ஊற்ற வேண்டும், ஷெட்டில் பழைய வண்டிக்கு வைத்திருக்கிற ஆயிலை அவசரத்துக்கு ஊற்றினால் அதிலிருந்து வருகிற சாம்பல் டி.பி.எஃப்.-ஐ அடைத்துவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது.

இனி அப்பாவின் நோட்டு. 1998-லிருந்து அப்பா ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். தேதி, மீட்டர், என்ன வேலை, எவ்வளவு. கறுப்பு மையில் எழுதியிருப்பார். வண்டி ஓடாத நாளை மட்டும் சிவப்பில் "நின்றது" என்று எழுதி, பக்கத்தில் காரணம்: கிளட்ச், ஹப் பேரிங், டிரைவர் ஊருக்கு, எஃப்.சி., மழை. மாதக் கடைசியில் ரூபாயைக் கூட்டுவதற்கு முன்னால் சிவப்பு எழுத்தை எண்ணுவார். சின்ன வயதில் எனக்கு அது ஏனென்று புரிந்ததில்லை. இந்த முறை பத்து வருட நோட்டுகளையும் எடுத்து வைத்து, நானும் அதே மாதிரி எண்ணினேன்.

ஒரு நாள் நின்றால் எங்களுக்கு எவ்வளவு போகிறது? லீஸ் வாடகை வரி சேர்க்காமல் மாதம் 78,000 என்றால் ஒரு நாளைக்கு 2,600. டிரைவர் சம்பளம் 900. அன்றைக்கு ஓடியிருந்தால் டீசல், டோல் போக மிஞ்சியிருக்கக்கூடியது சராசரியாக 3,500. ஆக 7,000 ரூபாய். இதில் டிடென்ஷன் சேரவில்லை, பார்ட்டி கோபித்துக்கொண்டு அடுத்த வாரம் வேறு டிரான்ஸ்போர்ட்டைக் கூப்பிடுவதும் சேரவில்லை. இந்த 7,000-ஐ மனதில் வைத்துக்கொண்டு ஒப்பந்தங்களைப் படித்தபோது எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது.

முதல் கம்பெனியின் மெயின்டனன்ஸ் விலை கிலோமீட்டருக்கு 1.20 ரூபாய். மூன்றிலும் இதுதான் குறைவு. ஆனால் ஏழாவது பக்கத்தில், மாதம் குறைந்தபட்சம் 5,000 கிலோமீட்டருக்குப் பணம் கட்ட வேண்டும் என்று இருந்தது. நாம் ஓடுவதே 3,000. ஆக 6,000 ரூபாய், உண்மையில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய். இரண்டாவது கம்பெனி 1.65, கேட்டதும் அதிகமாகத் தெரிந்தது, ஆனால் குறைந்தபட்சம் என்று எதுவுமில்லை, 3,000 கிலோமீட்டருக்கு 4,950-தான். மூன்றாவது 1.40, குறைந்தபட்சம் 3,000, ஆகவே 4,200. ஆகா, மூன்றாவதுதான் மலிவு என்று நினைத்தேன். அப்புறம் அதில் எதெல்லாம் சேராது என்று பார்த்தால் கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், பேட்டரி, இரண்டு வருடத்துக்குப் பிறகு எல்லா சென்சாரும். துறைமுக வேலையில் தேய்வதே கிளட்ச்சும் பிரேக்கும்தான். லைன் ஓடுகிற எங்கள் வண்டியில் மூன்று வருடம் வந்த கிளட்ச் பிளேட், வரிசையில் நிற்கிற வண்டியில் பதினாலு மாதத்தில் போயிருக்கிறது, நோட்டில் தேதியோடு இருக்கிறது. இந்த இரண்டுக்கும் மாதம் 2,500 என்று போட்டால் மூன்றாவது 6,700 ஆகிவிடுகிறது.

இதோடு நிறுத்தியிருந்தாலும் இரண்டாவதுதான் மலிவு என்று வந்திருக்கும். ஆனால் இவற்றுக்குள் வித்தியாசம் மாதம் ஆயிரம், ஆயிரத்து எழுநூறு. ஒரு வண்டி இன்னொன்றைவிட மாதம் இரண்டு நாள் கூடுதலாக நின்றால் வித்தியாசம் 14,000. எது பெரிது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்த மாடல் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதை எங்கே போய்க் கேட்பது? கம்பெனிக்காரர் சொல்லமாட்டார். முதலாளிகளும் சரியாகச் சொல்லமாட்டார்கள், தான் வாங்கிய வண்டியை யாரும் குறை சொல்வதில்லை. டிரைவர்களைக் கேட்க வேண்டும். மாதவரம் டிரக் டெர்மினலிலும், மணலியில் எங்கள் ஷெட்டுக்கு எதிரே இருக்கிற டீக்கடையிலும் பத்து நாள் சாயங்காலம் அண்ணனோடு போய் உட்கார்ந்தேன். அண்ணன்தான் பேச்சை ஆரம்பிப்பார், "தம்பி, போன தீபாவளிலருந்து இந்த வண்டி எத்தனை நாள் நின்னுச்சு?" என்று கேட்பார். கேள்வி அவ்வளவுதான். மைலேஜ் எவ்வளவு, வண்டி எப்படி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எத்தனை நாள் நின்றது என்று கேட்டால் டிரைவருக்கு விரல் விட்டு எண்ணத் தெரியும், ஏனென்றால் அந்த நாட்களில் அவருக்குப் படி கிடையாது. நாற்பது பேருக்கு மேல் கேட்டோம். ஏன் நின்றது என்பதையும் எழுதிக்கொண்டேன். பழுது பார்க்கிற வேலை பெரும்பாலும் அரை நாள்தான், மீதி நாட்கள் எல்லாம் ஸ்பேர் வரக் காத்திருந்தது, இல்லையென்றால் லேப்டாப்காரர் வரக் காத்திருந்தது.

இதில் சென்னைக்காரர்கள் ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடுகிறோம். லேலண்ட் தொழிற்சாலை எண்ணூரில், பாரத்பென்ஸ் தொழிற்சாலை ஒரகடத்தில், அதனால் ஸ்பேர் கைக்கெட்டும் தூரத்தில் என்று நினைக்கிறோம். தொழிற்சாலை கேட்டில் போய் யாரும் ஸ்பேர் வாங்க முடியாது. டீலரின் ரேக்கில் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நான் செய்தது ஒன்றே: பன்னிரண்டு சாமான்களின் பட்டியல் எழுதிக்கொண்டு மூன்று டீலர் கவுன்டருக்கும் நேரில் போனேன். கிளட்ச் செட், நாக்ஸ் சென்சார், யூரியா பம்ப், ஏர் டிரையர் கார்ட்ரிட்ஜ், வாட்டர் பம்ப், வீல் ஹப் சீல் இப்படி. இன்று இருக்கிறதா, இல்லையென்றால் எத்தனை நாள். ஒரு கவுன்டரில் பன்னிரண்டில் பத்து இருந்தது. இன்னொன்றில் ஆறு. பழைய வண்டிகளுக்கு ஆத்திர அவசரத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் அலைந்து எதையாவது வாங்கி ஓட்டிவிடுவோம், லீஸ் வண்டியில் வெளி சாமான் போட்டால் ஒப்பந்தமே செல்லாது.

மூன்றில் ஒன்றில் கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. கியர் பெட்டி இருந்தது, வாடகை மாதம் 3,000 கூட. வரிசையில் ஒரு நாளைக்கு இருநூறு தடவை இடது காலால் மிதிக்கிற டிரைவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று கூடப் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பிளேட் தேய்வதும் குறையும். அண்ணனுக்கு வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் வலி. அந்த 3,000 எனக்குச் செலவாகவே தெரியவில்லை.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. கிடங்குக்குள் இடம் குறுகல், நாற்பதடி டிரெய்லரை நட்ட நடுவில் செங்குத்தாகத் திருப்ப வேண்டும். திரும்பும்போது மூன்று ஆக்சிலில் ஒன்றுதான் அச்சாக நிற்கும், மற்ற இரண்டும் தரையில் பக்கவாட்டாக இழுபடும். ஒரு சாயங்காலம் எங்கள் வண்டி திரும்பிய இடத்தில் குனிந்து பார்த்தேன், சிமென்ட் தரையில் வில் போல வளைந்த கறுப்புக் கோடுகள், விரலால் தொட்டால் ரப்பர் பொடி ஒட்டியது. எந்த மாடல் எடுத்தாலும் டிரெய்லர் டயர் இப்படித்தான் தேயும், எந்த லீஸ் ஒப்பந்தமும் அதைச் சேர்க்காது. டயரைத் தனிக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள், மாடல் ஒப்பீட்டில் கலக்காதீர்கள்.

உப்புக் காற்றை மாடல் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் ஓடுகிற வண்டியில் ஒயரிங் கனெக்டர்கள் பச்சை பூத்துவிடும். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் மழையில் மணலி முழுக்கத் தண்ணீர் நின்றபோது எங்கள் நான்கு வண்டிகள் ஆக்சில் மூழ்க நின்றன, எண்ணூரில் எண்ணெய் கசிந்து தண்ணீரோடு பரவிய அதே வாரம். தண்ணீர் வடிந்தபின் ஹப்பைக் கழற்றிய மெக்கானிக் பாய் கிரீசை விரலில் எடுத்துக் காட்டினார், பால் ஊற்றிய காபி நிறத்தில் இருந்தது. எல்லா ஹப்பையும் கழற்றி, கழுவி, புதுக் கிரீஸ் அடைத்தோம். இரண்டு வண்டிகளில் அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் சிக்கி வீல் கழன்றிருக்கும் என்றார். அதனால் லீஸ் ஒப்பந்தத்தில் வெள்ளத்துக்குப் பிந்தைய சோதனை யார் செலவு என்று கேட்டேன். இரண்டு பேர் இன்சூரன்சைக் கை காட்டினார்கள். ஹப் கிரீசுக்கு வழக்கமான இன்சூரன்ஸ் பணம் தராது. ஒருவர் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை என்று எழுதித் தர ஒத்துக்கொண்டார்.

வரி பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22-லிருந்து லாரிக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, லீஸ் வாடகைக்கும் வண்டிக்குரிய விகிதம்தான், ஸ்பேருக்கும் இப்போது 18. நாங்கள் சரக்கு வாடகைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. என்கிற வழியில் இருப்பதால் கட்டிய வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது, வாடகை 78,000 என்றால் 92,040 என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய கொட்டேஷனில் 28 போட்டே அனுப்பிய ஒருவரிடம் மாற்றி வாங்கினேன், நீங்களும் தேதியைப் பாருங்கள்.

திருப்பித் தரும்போது உள்ள நிபந்தனையையும் இன்றே படித்துவிடுங்கள். டயரில் எவ்வளவு பட்டன், அதாவது ரப்பர் மேடு, மிச்சமிருக்க வேண்டும், கேபின் கீறலுக்கு எவ்வளவு, சர்வீஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை விட்டுப்போனால் எவ்வளவு என்று எல்லாம் இருக்கும். வண்டியை எடுக்கிற நாளிலேயே நாலு பக்கமும் கேபின் உள்ளேயும் போட்டோ எடுத்து, அவர்கள் ஆள் கையெழுத்தோடு வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் இரண்டாவது கம்பெனியின் 4×2, ஏ.எம்.டி. உள்ள வண்டி. டீக்கடைக் கணக்கில் மாதத்துக்குச் சராசரி ஒரு நாளுக்குக் கீழே நின்றது அதுதான், பன்னிரண்டு சாமானில் பத்து இருந்த கவுன்டரும் அவர்களுடையதுதான், எங்கள் ஷெட்டிலிருந்து ஒன்பது கிலோமீட்டர். எந்தக் கம்பெனி என்று வேண்டுமென்றே எழுதவில்லை. உங்கள் வண்டி சேலம் லைனில் ஓடினால், உங்கள் பக்கத்து டீலர் வேறென்றால், இதே கணக்கில் உங்களுக்கு வேறு பெயர் வரும். ஒப்பந்தத்தில் நான் சண்டை போட்டது ஒரே ஒரு வரிக்காக: 48 மணி நேரத்துக்கு மேல் வண்டி அவர்கள் பட்டறையில் நின்றால் மாற்று வண்டி, இல்லையென்றால் அந்த நாட்களுக்கு வாடகை இல்லை. அவர்கள் 96 என்றார்கள், நான் அப்பாவின் நோட்டைக் கொண்டுபோய் மேசைமேல் திறந்து வைத்துச் சிவப்பு வரிகளைக் காட்டினேன். 72-க்கு வந்தார்கள். அதற்குக் கீழே இறங்கவில்லை.

மூன்று வண்டிகளும் வந்து நாற்பது நாளாகிறது. புது நோட்டில் மீட்டருக்குப் பக்கத்தில் இன்ஜின் மணிக்கு ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன். அண்ணன் ஓட்டுகிற வண்டியின் முதல் மாத வரி: 2,940 கிலோமீட்டர், 271 மணி, விளக்கு எரிந்தது இரண்டு முறை, இரண்டு முறையும் வெளிவட்டச் சாலையில் எரித்தாகிவிட்டது. சிவப்பில் ஒரு நாள். காரணம்: டிரைவர் ஊருக்கு, பேத்தி காது குத்து.